பாண்டி, கடலூர்லேர்ந்து மலைக்குப் போய் டென்ட் போடவும் வேன்ல தங்கவும்: முதல் தடவை போறவங்களுக்கு

நம்ம ஊர்ல கேரவன்னு சொன்னா இன்னமும் ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏசி போட்டுட்டு உக்காந்திருக்கற வண்டிதான் ஞாபகம் வரும். ஆனா இப்ப ரெண்டு மூணு வருஷமா ரீல்ஸ் பாத்துட்டு, "நாமளும் ஒரு வேன் வாடகைக்கு எடுத்து மலைல நிறுத்தி தூங்கலாமா"ன்னு கேக்கறவங்க அதிகமாயிட்டாங்க, என்கிட்டயே லாஸ்பேட்டைலேர்ந்து ஒரு குரூப்பு, மஞ்சக்குப்பத்துலேர்ந்து ஒரு குடும்பம் கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல ஒரு மணி நேரம் சொல்லி வாய் வலிச்சதாலதான் இதை எழுதிட்டேன்.

முதல்லயே என் கருத்தைச் சொல்லிடறேன். முதல் தடவை மணாலி, லடாக், மூணாறுன்னு கிளம்பாதீங்க. கல்வராயன் மலை இல்லன்னா ஜவ்வாது மலை, சொந்த கார், ஒரு டென்ட், ஒரே ஒரு ராத்திரி. அது சரியா வந்தா அடுத்தது வேன் பத்தி யோசிங்க. கடலோரத்துல வளர்ந்த நமக்கு மலை ராத்திரி எப்படி இருக்கும்னு உடம்புக்கே தெரியாது, அதை சில மணி நேரத்துல வீட்டுக்குத் திரும்பி வர்ற தூரத்துல வெச்சுக் கத்துக்கறதுதான் புத்திசாலித்தனம்.

மலைக்கு முன்னாடி மொட்டை மாடி

சிரிக்காதீங்க, இதுதான் முதல் படி. டென்ட் வாங்கின வாரமே வீட்டு மாடில போட்டு ஒரு ராத்திரி முழுசா படுங்க. சாயங்காலமே ஓஸ் பைப்ப எடுத்து டென்ட் மேல பத்து நிமிஷம் தண்ணி அடிங்க, எந்தத் தையல்ல ஒழுகுதுன்னு தெரிஞ்சிடும். கடைக்காரர் நாலு பேர் டென்ட்னு குடுப்பாரு, அது மத்தி மீன் மாதிரி அடுக்கினா நாலு பேர், பையோட மனுஷங்க படுக்கணும்னா ரெண்டரை பேர்தான்.

இன்னொன்னு, இருட்டுல டென்ட் போடப் பழகுங்க. மாடி லைட்ட ஆஃப் பண்ணிட்டு நெத்தி டார்ச் மட்டும் மாட்டிக்கிட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்க. மலைல சூரியன் கடல் மாதிரி பொறுமையா மறையாது, பள்ளத்தாக்குல மேக்கு பக்கம் ஒரு மேடு இருந்தா அஞ்சு மணிக்கே நிழல் விழுந்துடும், ஆறரைக்கு உங்க கையே உங்களுக்குத் தெரியாது.

எங்க போறது

கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி மாவட்டம், சேலம் பக்கமும் கொஞ்சம் போகும். பாண்டிலேர்ந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, அப்புறம் கச்சிராயபாளையம் போய் கோமுகி அணை ஓரமா ஏறினா வெள்ளிமலை. கடலூர்க்காரங்க வடலூர், நெய்வேலி, விருத்தாசலம், சின்னசேலம் ரூட்டுல போகலாம். சின்ன கல்வராயன் சுமார் 2700 அடி, பெரிய கல்வராயன் 4000 அடி வரைக்கும் போகும். இங்க ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அங்க ஓடற கோமுகி ஆறு மணிமுத்தாறுல சேர்ந்து, மணிமுத்தாறு வெள்ளாத்துல சேர்ந்து, கடைசில நம்ம பரங்கிப்பேட்டைலதான் கடல்ல விழுது. அதனால மேல நீங்க சோப்புத் தண்ணி ஊத்தினா அது நம்ம ஊருக்குத்தான் வருது, பாத்துக்கோங்க.

ஜவ்வாது மலைக்கு திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர் வழியா ஜமுனாமரத்தூர். பீமன் அருவி, கோமுட்டேரி ஏரி எல்லாம் அங்கதான். ஆனா நான் அங்க போறது வானத்துக்காக. அதே மலைல காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு, 2.34 மீட்டர் தொலைநோக்கியை அங்க கொண்டுபோய் வெச்சிருக்காங்கன்னா இருட்டு எப்படி இருக்கும்னு யோசிங்க. அமாவாசைய ஒட்டி ஒரு ராத்திரி போய் டென்டுக்கு வெளிய படுத்துப் பாருங்க, பீச் ரோட்ல நின்னு பாக்கறப்ப இதுல கால்வாசி கூட தெரியாது.

ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவு, ரோடு நல்லா இருக்கும், ஆனா ஞாயித்துக்கிழமை அங்க போறதுக்கு பாண்டி பீச்லயே உக்காந்திருக்கலாம், அவ்ளோ கூட்டம். ஏற்காடும் அதே கதைதான். கொல்லிமலை 70 வளைவு, பெரிய வேனோட முதல் தடவை அங்க போகவே போகாதீங்க. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7லேர்ந்து ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் இல்லாம வண்டி ஏற முடியாது, 2025ல இத்தனை வண்டிதான்னு எண்ணிக்கையும் வெச்சாங்க, அதனால திடீர்னு ராத்திரி முடிவு பண்ணி காலைல கிளம்பற வேலை அங்க ஆகாது. அப்படியே மைசூர் பக்கம் போலாம்னு நினைச்சா பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9லேர்ந்து காலைல 6 வரைக்கும் மூடிடுவாங்க.

எப்ப போறது

டிசம்பர் கடைசிலேர்ந்து பிப்ரவரி பாதி வரைக்கும் நல்ல நேரம். அதுக்கப்புறம் காடு காஞ்சு தீ பிடிக்கற சீசன். அக்டோபர், நவம்பர் நமக்கு மழைக்காலம்னு சொல்லவே வேணாம். ஆடி, ஆவணில பகல் பூரா நல்லா இருக்கும், சாயங்காலம் இடி மின்னலோட ஒரு மணி நேரம் கொட்டிட்டுப் போயிடும், அந்த ஒரு மணி நேரம்தான் ஆபத்து, அதுக்கு கீழ வர்றேன்.

குளிர் பத்தி ஒரு கணக்கு: ஆயிரம் மீட்டர் ஏறினா தோராயமா 6 டிகிரி குறையும். மார்கழில பாண்டில ராத்திரி 21 இருந்தா மேல 15, தெளிஞ்ச வானம்னா இன்னும் குறையும். 15 டிகிரி என்னடா பெரிய குளிர்னு தோணும், பனி ஈரத்தோட, தரைல படுத்து, விடியக்காலைல மூணு மணிக்கு, போர்வை பத்தாம, அப்ப தெரியும்.

அனுமதி, இதுலதான் எல்லாரும் மாட்டறாங்க

"காடுதானே, எங்க வேணா போட்டுக்கலாம்"னு நினைக்காதீங்க. மலைல நீங்க பாக்கற இடத்துல பெரும்பாலானது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாம உள்ள போறதே குத்தம், டென்ட் போடறது அதை விட பெருசு. 2018 மார்ச் 11ம் தேதி தேனி குரங்கணில காட்டுத்தீல மாட்டி ட்ரெக்கிங் போன 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல ட்ரெக்கிங்குக்குன்னு தனி விதிமுறை கொண்டுவந்தாங்க. 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 ரூட்டை அரசாங்கமே திறந்து விட்டாங்க, ஆன்லைன்ல புக் பண்ணி வழிகாட்டியோட போகலாம், நடக்கணும்னு ஆசை இருந்தா அந்த வழில போங்க.

தங்கறதுக்கு மூணு வழி இருக்கு. வனத்துறையோ சுற்றுலாத்துறையோ நடத்தற இடம், தனியார் கேம்ப் சைட், இல்லன்னா ஒரு விவசாயியோட பட்டா நிலம். எனக்கு மூணாவதுதான் பிடிக்கும். முன்னாடியே ஒரு நாள் பகல்ல சும்மா போயிட்டு வாங்க, டீக்கடைல உக்காந்து, "ஐயா, குடும்பத்தோட ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கணும், யார் நிலத்துல கேக்கலாம்"னு கேளுங்க. மலையாளி பழங்குடி மக்கள் ஊருங்க அது, கேரளா மலையாளி இல்ல, தமிழ் பேசறவங்க, மலையை ஆண்டவங்கன்ற அர்த்தத்துல அந்தப் பேர். ஊர்ப் பெரியவருக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா ராத்திரி நாய் குரைச்சா கூட யாராவது வந்து எட்டிப் பாப்பாங்க. காசு பேசிடுங்க, சும்மா விட்டாலும் சாமையோ தேனோ பலாப்பழமோ அவங்ககிட்டயே வாங்குங்க. பலாப்பழத்தை வாங்கும்போது "எங்க பண்ருட்டி பலா மாதிரி வராது"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

தனியார் கேம்ப் சைட்னா ரெண்டு கேள்வி கேளுங்க: இது பட்டா நிலமா, பக்கத்துக் காட்டுலேர்ந்து எவ்ளோ தூரம். 2021 ஜனவரில வயநாடு மேப்பாடில ஒரு ரிசார்ட் டென்ட்ல தங்கின பொண்ணை யானை அடிச்சுக் கொன்னுது. ரீல்ஸ்ல "காட்டுக்கு நடுவுல"ன்னு போட்டிருந்தா அது விளம்பரம் இல்ல, எச்சரிக்கைன்னு படிங்க.

டென்ட் போடற இடம்

இங்க என் கதையைச் சொல்லியே ஆகணும். ஜவ்வாதுல முதல் தடவை போனப்ப நிலத்துக்காரர் "இங்க எங்க வேணா போட்டுக்கோ தம்பி"ன்னு சொல்லிட்டு மாட்டைப் பிடிக்கப் போயிட்டாரு. நான் சுத்திப் பாத்தேன், எல்லாம் கல்லும் மேடுமா இருக்கு, ஒரே ஒரு இடத்துல மட்டும் நல்லா வெள்ளையா மணல், சமமா, மெத்துன்னு, சில்வர் பீச்ல இருக்கற மாதிரியே. கடலோரத்து ஆளுக்கு மணலைப் பாத்தா வீடு மாதிரி, போட்டுட்டேன் டென்ட்டை. ஆறு மணிக்கு அவர் திரும்பி வந்தாரு, பாத்த உடனே சிரிக்கக்கூட இல்ல. "தம்பி, இந்த மணல் எப்படி இங்க வந்துச்சுன்னு நினைக்கற?" அவ்ளோதான் கேட்டாரு. அது ஓடை. பத்து மணிக்கு எங்க தலைக்கு மேல ஒரு துளி மழை இல்ல, மேல எங்கயோ மின்னிச்சு, ராத்திரி ஒரு மணிக்கு அந்த மணல் மேல முழங்கால் அளவு தண்ணி சத்தமா ஓடுது. நாங்க இருபதடி மேல, மாமரத்துப் பக்கத்துல, வாயைத் திறக்காம உக்காந்திருந்தோம்.

இதுல ஆச்சரியப்பட ஒன்னும் இல்ல, நமக்குத் தெரிஞ்ச கதைதான். 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயலப்ப சாத்தனூர் அணைலேர்ந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல திறந்து விட்டு தென்பெண்ணை நம்ம பாகூர், கடலூர் பக்கம் வீட்டுக்குள்ள வந்துச்சே, மழை பெஞ்ச இடம் வேற, முழுகின இடம் வேற. மலைல அதே கணக்குதான், என்ன, மணிக்கணக்குல வர்றது நிமிஷக்கணக்குல வரும்.

அதனால மணல், உருண்டைக் கூழாங்கல், மரத்து அடில சிக்கிக்கிட்டு இருக்கற காஞ்ச சருகுக் குப்பை, இதெல்லாம் இருந்தா அது தண்ணி வர்ற பாதை. ஓடைலேர்ந்து குறைஞ்சது 200 அடி தள்ளி, கொஞ்சம் மேடா போடுங்க. ரொம்ப அடிப் பள்ளத்துலயும் வேணாம், ராத்திரி குளிர்காத்து தண்ணி மாதிரி கீழ இறங்கி அங்கதான் தேங்கும். தனியா நிக்கற ஒத்தை மரத்தடி இடிக்கு ஆகாது, பட்ட கிளை தொங்கற மரமும் ஆகாது. சரிவுல போடற மாதிரி ஆச்சுன்னா தலை மேட்டுப் பக்கம். அப்புறம் டென்ட்டைத் தரையோட இழுத்துக் கட்ட அடிக்கற, டென்ட்டோட வர்ற கம்பி பெக் செம்மண்ணுல கல்லு பட்டு வளைஞ்சிடும், நல்ல இரும்பு ஆணி அரை முழம் நீளத்துல பத்து வாங்கிக்கோங்க.

சாமான்

ஆன்லைன்ல லிஸ்ட் போட்டு இருபதாயிரத்துக்கு வாங்காதீங்க. கயிறும் தார்ப்பாயும் கடலூர் ஓ.டி. துறைமுகம் பக்கம் வலைக்கடைல வாங்குங்க, போட்டுக்கு வாங்கற நைலான் கயிறை விட நல்ல கயிறு எந்த கேம்பிங் கடைலயும் கிடையாது, எடை போட்டுக் குடுப்பாங்க. ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாம் பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட். கீழ தார்ப்பாய், அது மேல டென்ட், உள்ள ஃபோம் ஷீட், அது மேல கோரைப்பாய், அப்புறம் போர்வை. மேல எத்தனை போர்வை போத்தினாலும் தரைக் குளிர் முதுகு வழியாத்தான் ஏறும், அதனால காசை கீழ போடுங்க. மங்கி குல்லா வெக்கப்படாம எடுத்துக்கோங்க. தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், குடிக்க சமைக்க மட்டும். முதல் ராத்திரி சமையலே வேணாம்பேன், புளிசோறு, மிளகாப்பொடி தடவின இட்லி, போதும்.

பெட்ரோல் டீசல் நம்ம பாண்டிலயே கம்மி, ஃபுல் டேங்க் போட்டுக் கிளம்புங்க, மலை மேல பங்க் தேடக்கூடாது. ஆனா பாண்டில கம்மின்னு வேற ஒன்னையும் டிக்கில போட்டுட்டுப் போகாதீங்க. எல்லை தாண்டினா அது கேஸ், கல்வராயன் பக்கம் சாராய ரெய்டு எப்பவுமே நடக்கும், செக்போஸ்ட்ல PY-ங்கற நம்பர் ப்ளேட்டைப் பாத்தாலே டிக்கியைத் திறக்கச் சொல்வாங்க.

சரி, வேன்ல தங்கணும்னா

வாடகை வேன்னா முதல்ல நம்பர் ப்ளேட் பாருங்க. நீங்களே ஓட்டற வாடகை வண்டி கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்தா இருக்கணும். டிரைவரோட வந்தா மஞ்சள் போர்டு. வெள்ளை போர்டு வேனை "ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிக்கோங்க"ன்னு குடுத்தா வேணாம்னுடுங்க, ஆக்சிடென்ட் ஆனா இன்ஷூரன்ஸ் வராது. சொந்த வேனை மாத்தறவங்களும் சீட்டைக் கழட்டிட்டு கட்டில், கேஸ், சிங்க் எல்லாம் போட்டுட்டா அது ஆர்.சி.ல இருக்கற வண்டியே இல்ல, ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி.ல கேம்பர் வேன்னு ஏத்திக்கணும். அப்படியெல்லாம் பண்ணாம வேணும்னா கழட்டி வெக்கற மாதிரி மெத்தையும் பெட்டியும் மட்டும் போட்டுக்கோங்க, நானும் அதான் வெச்சிருக்கேன்.

கரன்ட் கணக்கு தெரியாம போகாதீங்க. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரின்னா சுமார் 1200 வாட்-மணி, அவ்ளோதான் உங்க சொத்து. ஃபேன் 25 வாட், எட்டு மணி நேரம் ஓடினா 200. லைட்டு 50. சின்ன ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 400, 500 சாப்பிடும். ஏசி மணிக்கு 1000. நான் ஒரு தடவை வாடகைக்கு எடுத்த வேன்ல, யார் வண்டின்னு வேணாம், "ஏசி ராத்திரி பூரா ஓடும் சார்"னு சத்தியம் பண்ணிக் குடுத்தாங்க. பன்னெண்டே காலுக்கு ஏசி நின்னுச்சு, கூடவே லைட்டும், ஃபேனும், தண்ணி மோட்டாரும். மலைல ஏசி எதுக்குன்னு என் சம்சாரம் கேட்டா, அது நியாயமான கேள்வி. ஜன்னலுக்கு கொசுவலையும் ஒரு ஃபேனும் இருந்தா போதும்.

தண்ணி டேங்க் 60 லிட்டர்னா நாலு பேருக்கு ஒரு நாள், குளிக்காம. டாய்லெட் கேசட் வகைன்னா, அதாவது கழிவு ஒரு பெட்டில சேர்ந்து அதைக் கழட்டிக் கொட்டற மாதிரின்னா, அதை எங்க கொட்டறதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. நம்ம பக்கத்து மலைல வேனுக்குன்னு கழிவு கொட்டற இடத்தை நான் பாத்ததில்ல, அதனால டாய்லெட் இருக்கற தங்குமிடம் வாசல்ல நிறுத்தறதுதான் நிம்மதி. கேரளால 2021ல கேரவன் டூரிசம்னு கொள்கையே கொண்டுவந்து வாகமண்ல பார்க் கட்டினாங்க, வேன் அனுபவம் முழுசா வேணும்னா ரெண்டாவது மூணாவது ட்ரிப்பா அங்க போங்க.

ஓட்டறது பத்தி. நம்ம ஊர்ல இருக்கற ஒரே மேடு ரயில்வே மேம்பாலம். மலைல இறங்கும்போது எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்கணும், பிரேக்கை அழுத்திக்கிட்டே வந்தா சூடாகி பிடிக்காமப் போயிடும். கருகின வாசனை வந்தா ஓரம் கட்டி அரை மணி நேரம் நில்லுங்க, தண்ணி ஊத்தாதீங்க. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும், வளைவுல ஹார்ன் அடிக்கணும், நியூட்ரல்ல இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கற வேலை கூடவே கூடாது. வேன் உயரத்தை ஒரு பேப்பர்ல எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டுங்க, கிராமத்து ரோட்ல தாழ்ந்து தொங்கற கரன்ட் கம்பியும் புளியமரக் கிளையும் நிறைய. நாலு மணிக்குள்ள இடத்துக்குப் போய்ச் சேரணும், ராத்திரி மலை ஏறாதீங்க. நிறுத்தும்போது மூக்கு ரோட்டைப் பாத்து இருக்கட்டும், சக்கரத்துக்கு கல்லு போடுங்க.

ராத்திரி

டென்ட்டுக்குள்ளயும் வேனுக்குள்ளயும் கரி அடுப்பு, கேஸ் அடுப்பு எதையும் எரிய விட்டுட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே முடிஞ்சிடும். சமைக்கறது வெளிய. சமையல் கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா வேன் தரைலதான் தேங்கும், அதனால கேஸ் கசிவு அலாரம் வெச்சா கீழ வைங்க. கேம்ப் ஃபயர் போட்டாத்தான் கேம்பிங்னு யாரோ கிளப்பி விட்டுட்டாங்க, மாசி பங்குனில அதைப் பத்தி பேசவே வேணாம், மத்த நேரத்துலயும் நிலத்துக்காரர் சொன்ன இடத்துல மட்டும்.

சாப்பாட்டை டென்ட்டுக்குள்ள வெக்காதீங்க, காட்டுப்பன்னி, கரடி ரெண்டுத்துக்கும் மூக்கு ஜாஸ்தி, குரங்குக்கு ஜிப் திறக்கவே தெரியும். காலைல செருப்பை உதறிட்டுப் போடுங்க. பாம்பு கடிச்சா கட்டறது, கீறறது, உறிஞ்சறது எதுவும் வேணாம், கடிபட்ட ஆளை நடக்க விடாம, 108க்கு போன் போட்டுட்டு கீழ இறக்கணும். கல்வராயன்னா கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஜவ்வாதுன்னா திருவண்ணாமலை. சிக்னல் எந்த மேட்டுல வருதுன்னு வெளிச்சம் இருக்கும்போதே நடந்து பாத்து வெச்சுக்கோங்க, ராத்திரி தேட முடியாது.

காலைக்கடனுக்கு ஒரு மண்வெட்டி. ஓடைக்கு 200 அடி தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி, மூடிட்டு வரணும். டிஷ்யூ, டயபர், நாப்கின் எல்லாம் கவர்ல போட்டு கீழ எடுத்துட்டு வாங்க, குழந்தை இருக்கற வீட்டுக்காரங்க இதுல நிறைய ஏமாத்தறாங்க.

திரும்பி வந்து

பனி காயறதுக்கு முன்னாடி டென்ட்டை மடிக்காதீங்க, எட்டரை மணி வரைக்கும் டீ குடிச்சுட்டு இருங்க. அப்படிக் காய வெச்சாலும் வீட்டுக்கு வந்த உடனே மறுபடியும் மாடில விரிச்சு ரெண்டு வெயில் காட்டணும், நம்ம கடல் காத்துல ஈரத்தோட பரண்ல போட்டீங்கன்னா மூணு மாசத்துல பூஞ்சை பிடிச்சு கருவாட்டுக் கூடை நாத்தம் வரும். கம்பிங்களை நல்ல தண்ணில துடைச்சு லேசா எண்ணெய் தடவி வைங்க, உப்புக் காத்துக்கு இரும்பு தாங்காது. அப்படியே ஆணியை எண்ணிடுங்க. பத்து கொண்டு போனா எட்டுதான் திரும்பி வரும், அது எப்பவும் அப்படித்தான், அடுத்த ட்ரிப்புக்கு முன்னாடி ரெண்டு வாங்கிப் போட்டுடுங்க.